சத்தியத்தை மீறலாமா?

என்னிடம் தமிழ் படித்து, இப்போது பள்ளியில் பாடம் நடத்தும் பெண் ஒருநாள் இரவு அழைத்தாள். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க டீச்சர்" என்று கேட்டு வாங்கிக்கொண்ட பிறகு, வீட்டுக்கு வந்துபோகும் உறவினர் தன்னிடம் நடந்துகொள்ளும் விதத்தைச் சொல்லியிருக்கிறாள். "சத்தியத்தை மீறலாமா மேம்?" என்று கேட்டாள்.

சட்டத்தில் இதற்கு விடை உண்டு. 18 வயதுக்குட்பட்டவர்மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். மறைப்பது தண்டனைக்குரியது. ஆனால், தண்டனைக்குப் பயந்து சொல்வது மட்டுமே அறமாகிவிடாது.

தலைவியின் களவைத் தோழி செவிலிக்கு வெளிப்படுத்துவதை அகப்பொருள் இலக்கணம் காட்டிக்கொடுத்தல் என்று சொல்லவில்லை. 'அறத்தொடு நிற்றல்' என்கிறது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு முழுவதும் அப்படி நிற்கும் தோழியின் பேச்சுதான். அவள் தலைவியின் பக்கம் நின்று, தலைவி விரும்பிய வாழ்வுக்காகப் பேசுகிறாள். யாருக்காகச் சொல்கிறோம், யாரிடம் சொல்கிறோம் என்பதே அளவுகோல்.

நம் பள்ளிகள் பலவற்றில் இது தலைகீழாக இருக்கிறது. மாணவியின் பையில் காதல் கடிதம் கிடைத்தால் அன்று மாலையே அப்பாவுக்குத் தகவல் போய்விடும். அவள் படிப்பே நின்றுபோகலாம். உறவினரோ ஆசிரியரோ கை வைத்தால் மட்டும், "வெளியே தெரிந்தால் பெண்ணின் எதிர்காலம் என்னாவது?" சொல்லக்கூடாததைச் சொல்கிறோம், சொல்லவேண்டியதை மறைக்கிறோம். இரண்டிலும் காப்பாற்றப்படுவது குடும்பத்தின் பெயர், பள்ளியின் பெயர்.

வாக்கை மீறினால் அந்தச் சிறுமி இன்னொருவரை நம்புவாளா? இந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. பிழை, காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுத்ததில் தொடங்குகிறது. "இதை நான் மட்டும் வைத்துக்கொள்ள முடியாது, ஆனால் உனக்குத் தெரியாமல் யாரிடமும் போகமாட்டேன்" என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அதைக் கேட்டுச் சிலர் வாயை மூடிக்கொள்ளக்கூடும். அந்த இழப்பு உண்மையானது. ஆனாலும் பொய்யான சத்தியத்தின் மேல் நம்பிக்கையைக் கட்ட முடியாது. 'சொல்லாதீங்க' என்பதற்குள், 'சொன்னால் இன்னும் மோசமாகிவிடுமோ' என்ற பயம்தான் பெரும்பாலும் இருக்கிறது. அந்தப் பயத்துக்குப் பதில் சொல்வது நம் கடமை.

"முதலில் அவளிடம் மன்னிப்புக் கேள்" என்றேன். "1098க்கு அழை. அவள் காவல்நிலையம் போக வேண்டியதில்லை. வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத காவலர், கூடியவரை பெண் அதிகாரி, வாக்குமூலம் வாங்க வேண்டும் என்பது விதி. அதையும் சொல். பக்கத்திலேயே இரு."

இருந்தாள். மாணவி இரண்டு வாரம் அவளிடம் பேசவில்லை. ஆனால் ஒருநாள்கூட வகுப்புக்கு வராமல் இருக்கவில்லை.