கொடியும் தாய்வழியும்

அந்தக் கொடியை முதலில் தைத்தவர்கள் பெண்கள். 1861ஆம் ஆண்டின் பிற்பகுதியில், வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகரில், ஹெட்டி கேரி, ஜென்னி கேரி என்ற சகோதரிகளும் அவர்களுடைய உறவுப் பெண் கான்ஸ்டன்ஸ் கேரியும் பட்டுத்துணியில் மூன்று கொடிகளைத் தைத்து மூன்று தளபதிகளுக்குக் கொடுத்தார்கள். சிவப்புப் பரப்பு, அதன்மேல் பெருக்கல் குறிபோல நீலப் பட்டைகள், பட்டைகளில் வெள்ளை நட்சத்திரங்கள். அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோன தென் மாநிலங்களின் கூட்டமைப்பு முதலில் ஏற்றுக்கொண்ட தேசியக் கொடி இதுவல்ல. பிற்பாடு ராபர்ட் லீயின் தலைமையில் போரிட்ட வடக்கு வர்ஜீனியப் படையின் போர்க்கொடி. 1865இல் கூட்டமைப்பு தோற்றுக் கலைந்தது. கான்ஃபெடரேட் கொடி என்றதும் உலகத்தின் கண்முன் வருவது இன்றுவரை இந்தத் துணிதான்.

160 ஆண்டுகள் கழிந்த பின்பும் அதை வீட்டு முகப்பில் கட்டுகிறார்கள், வண்டியின் பின்கண்ணாடியில் ஒட்டுகிறார்கள், பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொள்கிறார்கள். ஏன் என்று கேட்டால் ஒரே பதில் வருவதில்லை. போரில் மடிந்த முப்பாட்டனின் நினைவு என்பார் ஒருவர். வாஷிங்டன் அதிகாரத்துக்கு அடங்காத தெற்கத்தியரின் திமிர் என்று சிரித்துக்கொண்டே சொல்வார் இன்னொருவர். தொலைக்காட்சித் தொடரில் சிறுவயதில் பார்த்த காரின் கூரைமேல் இருந்தது, அவ்வளவுதான் என்பவரும் உண்டு. கறுப்பர்கள் தம் இடத்தில் இருக்கவேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்வதற்காகவே ஏற்றுகிறவர்களும் உண்டு. அமெரிக்கக் கறுப்பினத்தவரிலேயே எச்.கே. எட்ஜர்ட்டன் என்பவர், வட கரோலினாவில் குடியுரிமைச் சங்கமொன்றின் கிளைத் தலைவராக இருந்தவர், இந்தக் கொடியைத் தோளில் சுமந்து ஊர் ஊராக நடந்தார். ஆகவே ‘கொடி பிடிக்கிறவர் எல்லாரும் ஒரே மனம் கொண்டவர்கள்’ என்று சொல்லி இந்தப் பேச்சை முடித்துவிட முடியாது.

போர் எதற்காக நடந்தது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. பிரிந்துபோன மாநிலங்களே எழுதிவைத்திருக்கின்றன. தென் கரோலினாவும் மிசிசிப்பியும் தாம் பிரிவதற்குக் காட்டிய காரணங்களின் நடுவில் நிற்பது அடிமைமுறைதான். கூட்டமைப்பின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச்சில் சவான்னா நகரில் பேசும்போது, வெள்ளையருக்குக் கறுப்பர் சமமல்ல என்பதே புதிய அரசின் மூலைக்கல் என்று மறைக்காமல் சொன்னார். இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லப்பட்ட ஒன்றை ஒரு நல்ல மனுஷி, பொய் சொல்லத் தெரியாத மனுஷி, எப்படி ‘அதற்காக அல்ல’ என்று நம்புகிறாள்? இதுதான் நான் யோசிக்க விரும்பும் கேள்வி. அவளுக்கு அப்படிக் கற்றுக்கொடுத்தவர்களும் பெண்கள் என்பதால்.

1894இல் நாஷ்வில் நகரில் ‘யுனைடெட் டாட்டர்ஸ் ஆஃப் தி கான்ஃபெடரசி’ என்ற சங்கம் தொடங்கியது. கூட்டமைப்பின் மகள்கள். வாக்குரிமை இல்லாத காலத்தில் பெண்கள் கட்டியெழுப்பிய அமைப்பு, திறமைக்குக் குறைவில்லை. ஊர்ச் சதுக்கங்களில் போர்வீரர் சிலைகளை நிறுவினார்கள். கல்லறைகளுக்கு மலர்வளையம் வைத்தார்கள். குழந்தைகளுக்குத் தனிக் கிளைகள் தொடங்கி, கேள்வியும் பதிலுமாக வரலாற்றை மனப்பாடம் செய்யவைத்தார்கள். சங்கத்தின் வரலாற்றாளர் மில்ட்ரட் ரதர்ஃபோர்ட் பாடநூல்களை அளக்க ஒரு கையேடு எழுதினார்: அடிமைகளை வைத்திருந்தவர் கொடுமைக்காரர் என்று சொல்லும் நூலை நிராகரியுங்கள், தெற்கு அடிமைகளைக் காப்பதற்காகப் போரிட்டது என்று சொல்லும் நூலை நிராகரியுங்கள். வகுப்பறையில் நிற்பவள் என்ற முறையில் எனக்கு அந்தக் கையேடு சிலைகளைவிடப் பயங்கரமாகத் தெரிகிறது. சிலையை ஒரு கிரேன் கொண்டுவந்து அகற்றிவிடலாம்.

இந்தச் சங்கத்தார் 1923இல் வாஷிங்டனில் இன்னொரு சிலை வைக்க விரும்பினார்கள். தங்களைப் பாலூட்டி வளர்த்த அடிமைச் செவிலித்தாய்க்கு, விசுவாசமான ‘மாமி’க்கு. செனட் சபை அதற்கு ஒப்புதலும் தந்தது. கறுப்பினப் பெண்கள் கொதித்தெழுந்தார்கள். மேரி சர்ச் டெரல் போன்றவர்கள் கேட்டது எளிய கேள்வி: வெள்ளைக் குழந்தைக்குப் பால் கொடுத்தவளின் சொந்தக் குழந்தை எங்கே போனது? விற்கப்பட்டது. கும்பல்கள் கறுப்பரை அடித்துக் கொல்வதைத் தடுக்கும் சட்டம் அதற்குச் சில மாதங்கள் முன்புதான் அதே செனட்டில் முடக்கப்பட்டிருந்தது. எதிர்ப்பு வலுத்தது, கீழவை அசையவில்லை, சிலை எழவில்லை. அன்பு இருந்தது என்று அந்த வெள்ளைப் பெண்கள் சொன்னதை நான் முழுப் பொய் என்று நினைக்கவில்லை. அன்பு இருந்திருக்கலாம். அந்த அன்பை விலைச்சீட்டோடு சேர்த்துப் பார்க்கத்தான் அவர்களுக்கு மனம் வரவில்லை.

ஜார்ஜியாவில் குடியிருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி ஒருமுறை தொலைபேசியில் கேட்டாள். அவள் பக்கத்துவீட்டுப் பாட்டி முகப்பில் இந்தக் கொடியைக் கட்டியிருக்கிறார். மாணவிக்குப் பிரசவமானபோது பத்து நாள் சூப் வைத்துக்கொண்டுவந்து கொடுத்தவரும் அதே பாட்டிதான். “அம்மா, அவங்க கெட்டவங்க இல்லம்மா. அவங்க முப்பாட்டன் சண்டையில செத்துப்போனாராம், அவர் ஞாபகம்னு சொல்றாங்க. ஆனா எதிர்வரிசையில இருக்கிற கறுப்பினப் பொண்ணு அந்த வீட்டுக்கிட்ட வந்ததும் பிள்ளை கையப் பிடிச்சுக்கிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிடுறா. இதுல யார் சொல்றதம்மா உண்மை?”

இருவர் சொல்வதும் உண்மை. சிக்கலே அதுதான். இந்த விவாதம் எப்போதும் கொடி ஏற்றுகிறவரின் நெஞ்சைப் பிளந்து பார்ப்பதிலேயே சிக்கிக்கொள்கிறது: உள்ளே இருப்பது மரபுப் பற்றா, வெறுப்பா? பாட்டியின் நெஞ்சில் வெறுப்பு இல்லை என்றே வைத்துக்கொள்வோம். கொடியைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்தால் அது அவருக்கும் முப்பாட்டனுக்கும் இடையிலான செய்தி. தெருவைப் பார்த்துக் கட்டியபின் அது தெருவில் போகிறவர்களோடும் பேசுகிறது. சொல்லுக்குப் பொருள் சொல்பவளின் மனசில் மட்டும் இல்லை என்பது இலக்கியம் படிப்பவர்களுக்குப் பழகிய பாடம். ஒரு சொல் யார் யார் வாயில் புழங்கி வந்ததோ அவர்கள் எல்லாருடைய எச்சிலும் அதில் இருக்கும்.

இந்தக் கொடி புழங்கிய வாய்களைப் பார்க்கலாம். 1948இல் இனப் பிரிவினையைக் காக்கத் தனிக் கட்சி கண்டு அதிபர் தேர்தலில் நின்ற ஸ்ட்ராம் தர்மண்டின் கூட்டங்களில் அது பறந்தது. கறுப்பு, வெள்ளைக் குழந்தைகள் சேர்ந்து படிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்புச் சொன்னது. 1956இல் ஜார்ஜியா தன் மாநிலக் கொடிக்குள் இதைச் சேர்த்துக்கொண்டது. தென் கரோலினாவின் சட்டமன்றக் குவிமாடத்தில் அது ஏறியது 1961இல். அதாவது 1865இல் தோற்ற கொடியை, பள்ளிவாசலில் நின்ற கறுப்பினச் சிறுமிகளுக்கு எதிராக மறுபடி எடுத்தார்கள். அந்தச் சிறுமிகள் இன்று பாட்டிகளாக உயிரோடு இருக்கிறார்கள். முப்பாட்டனைவிட இவர்களுடைய நினைவு கிட்டத்தில் உள்ளது.

‘ஹெரிடேஜ்’ என்று அவர்கள் சொல்வதைத் தமிழில் மரபு என்றே எழுதவேண்டியிருக்கிறது. மரபு என்றால் நாங்கள் தொல்காப்பியத்து மரபியலுக்குப் போய்விடுவோம். அங்கே கொடி வருவது அரசருக்கு உரியவற்றின் பட்டியலில். எது எவருக்கு உரியது, எது எவருக்கு உரியதல்ல என்று வகுப்பதும் மரபின் வேலை என்பதைப் பழைய இலக்கணக்காரர்கள் ஒளிக்கவில்லை.

1993 ஜூலையில் இந்த வகுத்தல் அமெரிக்க செனட்டில் வெளிப்படையாக நடந்தது. மேலே சொன்ன மகள்கள் சங்கத்தின் சின்னத்தில் கூட்டமைப்பின் முதல் தேசியக் கொடி இருக்கிறது. அந்தச் சின்னத்துக்கான காப்புரிமையைப் புதுப்பிக்க ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். வயதான சில சீமாட்டிகளின் தர்மச் சங்கம், இதற்குப் போய் ஏன் சண்டை என்பது அவருடைய தொனி. முதல் வாக்கெடுப்பில் 52க்கு 48 என்று அவர் பக்கம் வென்றது. கேரல் மோஸ்லி பிரவுன் எழுந்தார். செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண், வந்து ஏழு மாதம்கூட ஆகாதவர். இதை நிறைவேற்ற விடமாட்டேன் என்று நின்று பேசினார். தம் முன்னோர் ஒரு காலத்தில் யாருடைய சொத்தாகவோ இருந்தவர்கள். அந்த நிலைமையைக் காக்கப் போரிட்ட கொடிக்கு நாட்டின் உயர்ந்த மன்றம் மரியாதை செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பதே அவர் வாதத்தின் சாரம். கூட்டமைப்புப் படை மருத்துவர் ஒருவரின் வழிவந்த அலபாமா உறுப்பினர் ஹவல் ஹெஃப்லின், தம் குடும்பப் பெருமையை மறைக்காமல் சொல்லிவிட்டு, வாக்கை மாற்றினார். மறு வாக்கெடுப்பில் 75 பேர் திருத்தத்துக்கு எதிராக நின்றார்கள். ஒருத்தியின் பேச்சு செனட்டில் வாக்கைப் புரட்டியது அபூர்வம் என்பதற்காகச் சொல்லவில்லை. ஹெஃப்லின் தம் பாட்டனாரைத் துறக்கவில்லை, பாட்டனாரை வைத்துக்கொண்டே கொடியை விட்டார். அது முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

துக்கத்துக்கு நான் எதிரி இல்லை. தவறான பக்கத்தில் நின்று செத்த இருபது வயதுப் பையனுக்கும் ஒரு தாய் அழுதிருப்பாள். கல்லறையில் அவன் பெயரும் படைப்பிரிவும் இருக்கட்டும். அருங்காட்சியகத்தில் ஓட்டை விழுந்த கொடி கண்ணாடிக்குள் இருக்கட்டும், பக்கத்தில் அது எதற்காகப் பறந்தது என்ற குறிப்போடு. தன் வீட்டு முகப்பில் கட்டுவதற்குச் சட்டம் பாட்டிக்கு உரிமை தருகிறது; அந்த உரிமையைப் பறிக்கச் சொல்லவும் மாட்டேன். அரசுகள் இன்று விரும்பாத கொடிகளை நாளை எங்கெல்லாம் தேடும் என்று நமக்குத் தெரியாதா? ஆனால் உரிமை உண்டு என்பது, செய்யத் தகும் என்பதற்குப் பதில் ஆகாது. சாலையின் மறுபக்கம் போகும் அந்தத் தாயைப் பார்த்தபின்பும் கட்டிவைத்திருப்பது ஒரு முடிவு. அது இனி நினைவு மட்டும் இல்லை.

அரசுக் கம்பம் வேறு விஷயம். 2015 ஜூன் 17 அன்று சார்ல்ஸ்டன் நகரத்து இமானுவேல் தேவாலயத்தில், வேதப் பாடத்துக்குத் தன்னையும் சேர்த்து உட்காரவைத்த ஒன்பது கறுப்பினத்தவரை ஒரு வெள்ளை இளைஞன் சுட்டுக் கொன்றான். இந்தக் கொடியோடு அவன் எடுத்துக்கொண்ட படங்கள் பிறகு வெளியாயின. எங்கள் பெண்களை நீங்கள் கெடுக்கிறீர்கள் என்ற பொருளில் அவன் பேசியதாகத் தப்பியவர்கள் சொன்னார்கள். செத்த ஒன்பது பேரில் ஆறு பேர் பெண்கள். மூத்தவருக்கு 87 வயது. பெண்களைக் காக்கிறோம் என்ற பேச்சு எந்தப் பெண்களைக் கணக்கில் எடுக்கிறது என்பதை இதைவிட விளக்க எனக்குத் தெரியவில்லை. தலைநகர் கொலம்பியாவில் மற்ற கொடிகள் அரைக்கம்பத்துக்கு இறங்கின. குவிமாடத்திலிருந்து 2000இல் வளாகத்துக்கு இடம் மாறியிருந்த கான்ஃபெடரேட் கொடி மட்டும் உச்சியிலேயே பறந்தது. அதைத் தொடச் சட்டமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதல் வேண்டுமாம். பத்தாம் நாள் பிரீ நியூசம் என்ற கறுப்பினப் பெண் கம்பத்தில் ஏறி அதைக் கழற்றிக்கொண்டு, சங்கீதம் சொல்லியபடி இறங்கிவந்து கைதானார். ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி ஏற்றிவிட்டார்கள். ஜூலை 10இல்தான் சட்டப்படி இறங்கியது. சட்டத்தில் கையெழுத்திட்டவர் பஞ்சாபிக் குடும்பத்தில் பிறந்த ஆளுநர் நிக்கி ஹேலி. 2019இல் அவரே, கொலைகாரன் அபகரிக்கும்வரை அந்தக் கொடி பலருக்குச் சேவை, தியாகம், மரபு என்றே இருந்தது என்ற பொருளில் பேசினார். அபகரித்தவன் 2015இல்தான் வந்தான் என்றால், 1948இல் அதைப் பிடித்தவர்கள் யார்?

அந்த 1948 வேட்பாளர் ஸ்ட்ராம் தர்மண்டுக்கு அதே வளாகத்தில் சிலை உண்டு. 2003இல் தம் 100ஆம் வயதில் இறந்தார். அதே ஆண்டு டிசம்பரில், எஸ்ஸி மே வாஷிங்டன்-வில்லியம்ஸ் என்ற 78 வயது ஓய்வுபெற்ற ஆசிரியை, தாம் தர்மண்டின் மகள் என்று அறிவித்தார். தாய் கேரி பட்லர், தர்மண்ட் வீட்டில் வேலை செய்த கறுப்பினப் பெண். மகளைப் பெற்றபோது 16 வயது. (கொடி தைத்த கேரிக்கும் இந்தக் கேரிக்கும் தமிழில் எழுத்து ஒன்றுதான்.) மறு ஆண்டு எஸ்ஸி மே, தந்தைவழித் தகுதியைக் கொண்டு கூட்டமைப்பின் மகள்கள் சங்கத்தில் சேர விரும்புவதாகச் சொன்னார். பலருக்கு அது புரியவில்லை. எனக்கு, இந்த விவாதம் முழுவதிலும் கேட்கப்பட்ட ஆகக் கூர்மையான கேள்வி அதுதான் என்று படுகிறது. வர்ஜீனியா 1662இல் ஒரு சட்டம் போட்டது: குழந்தையின் நிலை தாயின் நிலையைத் தொடரும். அடிமைப் பெண்ணுக்கு எசமானன் கொடுத்த குழந்தையும் அடிமை. அவனுடைய பிள்ளை அவனுடைய சொத்து. தாய்வழியில் விலங்கு, தந்தைவழியில் கொடி. மரபு இரத்தத்தில் வருகிறது என்றால் எஸ்ஸி மேயும் அவரைப்போன்ற எத்தனையோ ஆயிரம் பேரும் கூட்டமைப்பின் மகள்கள்தான். அவர்களுடைய பாட்டிகளை விட்டுவிட்டு முப்பாட்டனை மட்டும் வண்டியின் பின்னால் ஒட்டிக்கொள்ள முடியாது. இரத்தத்தில் இல்லை என்றால், வேறு எதில் என்று கொடி கட்டுகிறவர்தான் சொல்லவேண்டும்.

தர்மண்ட் சிலையின் கல்லில் அவர் நான்கு பிள்ளைகளின் தந்தை என்று செதுக்கியிருந்தார்கள். 2004இல் ‘நான்கு’ என்பதை ‘ஐந்து’ ஆக்கி, எஸ்ஸி மேயின் பெயரையும் சேர்த்தார்கள். சேர்த்தது மகளின் பெயரைத்தான், கேரி பட்லரின் பெயரை அல்ல.