குறை யாருக்கு, நன்மை யாருக்கு?

குறையில்லாத கடவுள் படைத்த உலகில் குறை எதற்கு? இந்தக் கேள்விக்கென்றே ஜெர்மானியத் தத்துவவாதி லைப்னிட்ஸ் 1710-ல் ஒரு நூலை வெளியிட்டார். ஒரு குறையை நீக்கப் போனால் அதைவிடப் பெரிய நன்மை ஒன்றும் கூடவே போய்விடும் என்பது அவர் வாதம். அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதை நம் செல்களுக்குள்ளேயே சோதித்துப் பார்க்கலாம்.

டிஎன்ஏ மிக உறுதியானது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். ஸ்வீடன் விஞ்ஞானி தாமஸ் லிண்டால் அந்த நம்பிக்கையைக் கலைத்தார். டிஎன்ஏ கெட நச்சும் வேண்டாம், கதிர்வீச்சும் வேண்டாம். உடம்பின் நீரும் சூடுமே போதும். டிஎன்ஏவின் எழுத்துகள் எனப்படும் வேதிப்பொருள்களில் சுமார் 10,000 ஒரே செல்லில் நாளொன்றுக்கு உதிர்கின்றன. நூற்றுக்கணக்கான இடங்களில் சைட்டோசின் என்ற எழுத்து, டிஎன்ஏவில் இடமில்லாத யுராசிலாக மாறிவிடுகிறது.

அப்படியும் உயிர் தாக்குப்பிடிக்கிறதென்றால், பழுதுபார்க்க ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும். யுராசிலை நீக்கும் நொதியை 1974-ல் ஈ.கோலை பாக்டீரியாவில் லிண்டால் கண்டுபிடித்தார். கெட்ட எழுத்தை அது இழைக்கு வெளியே புரட்டி, தன் குழிக்குள் இழுத்து, வெட்டி எடுக்கிறது. அடுத்த நொதி இழையை நறுக்குகிறது. இன்னொன்று எதிரிழையைப் பார்த்துச் சரியான எழுத்தை வைக்கிறது. கடைசியில் லைகேஸ் என்ற நொதி இழையை ஒட்டுகிறது. 2015-ல் பால் மாட்ரிச், அசிஸ் சான்சார் ஆகியோருடன் லிண்டாலுக்கு வேதியியல் நோபல் கிடைத்தது.

ஆனால் இந்த ஏற்பாட்டிலும் ஓட்டை உண்டு. மீத்தைல் என்ற வேதித்தொகுதி ஒட்டிய சைட்டோசின் சிதைந்தால் வருவது தைமின். டிஎன்ஏ பந்தியில் யுராசில் அந்நியன், தைமினோ வீட்டு ஆள். அதனால் பல தைமின்கள் தப்பிவிடுகின்றன. இப்படிப் பல வழிகளில் தங்கிவிட்ட மாற்றங்களில் 60, 70 ஒவ்வொரு குழந்தையிடமும் புதிதாக இருக்கின்றன. மாற்றமே இல்லாவிட்டால் பரிணாமமும் இல்லை. நோயெதிர்ப்புச் செல்களோ விதவிதமான எதிர்ப்பொருள்களை உருவாக்க, வேண்டுமென்றே சைட்டோசினை யுராசிலாக்குகின்றன.

லைப்னிட்ஸ் ஜெயித்துவிட்டாரா?

சீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற நோயோடு பிறக்கும் குழந்தையால் வெயில் உண்டாக்கும் டிஎன்ஏ சேதத்தைச் சரிசெய்ய முடியாது. பள்ளி வயதிலேயே தோல் புற்றுநோய் வரலாம். இதை முன்வினை என்பவர்கள் பழியை அந்தக் குழந்தைமீதே போடுகிறார்கள். நடந்தது வேறு: தாய்க்கும் தந்தைக்கும் தீங்கு செய்யாமல் கிடந்த பழுதுகள் பிள்ளையிடம் ஒன்றுசேர்ந்துவிட்டன. அத்தகைய பெற்றோருக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் இதற்கு நாலில் ஒரு வாய்ப்பு. பரிணாமத்துக்கு மாற்றம் தேவை என்பது நோய் ஏன் இருக்கிறது என்பதை விளக்கும். நன்மை இனத்துக்கும் வேதனை இந்த ஒரு குழந்தைக்கும் ஏன் போனது என்பதை நியாயப்படுத்தாது. லைப்னிட்ஸின் வாதம் தடுக்கி நிற்பது இங்கேதான்.