நோட்டு யார் கொடுத்தார்கள்?

கடைசி பெஞ்சில் தனியே உட்கார்ந்திருக்கும் பையனைப் பார்த்து ரொம்ப நாள் பரிதாபப்பட்டேன். அவனோ கையில் ஒரு நாவலோடு நிம்மதியாக இருந்தான். என் கண்ணுக்குத் தப்பியவள், ஆசிரியர்களைப் போலப் பேசிக்காட்டி வகுப்பையே சிரிக்கவைத்த பெண். பிளஸ் டூ முடித்து டி.சி. வாங்க வந்த அன்றுதான் சொன்னாள்: "ரெண்டு வருஷத்துல ஒருத்தரும் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டதில்ல மிஸ்."

தனியாக இருப்பதும் 'தனிமை', ஒட்டாமல் தவிப்பதும் 'தனிமை' என்று ஒரே சொல்லில் புழங்குகிறோம். நான் ஏமாந்தது அங்கேதான். 2012க்கும் 2018க்கும் இடையே, பீசா என்ற சர்வதேசத் தேர்வெழுதிய பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் பள்ளியில் உணரும் இந்த இரண்டாம் வகைத் தனிமை 37 நாடுகளில் 36இல் கூடியிருந்ததாக உளவியலாளர் ஜீன் ட்வெங்கி குழுவினர் 2021இல் எழுதினார்கள். ரஸ்ஸல், பெப்லா ஆகியோர் தனிமையை அளக்க 1978இல் வகுத்த அளவுகோலில் 20 கூற்றுகள் உண்டு. அதையெல்லாம் கேட்டு உட்கார நேரம் ஏது? சிலபஸ் துரத்துகிறது.

ஒருமுறை வேறொரு பெண்ணிடம் கேட்கவும் செய்தேன். "ஏம்மா, உனக்கு ஃப்ரெண்ட்ஸே இல்லையா?" நாற்பது பேர் முன்னால். அந்தப் பெண் மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. அசட்டுத்தனம், வேறென்ன?

பிளஸ் ஒன் பொல்லாத வருஷம். பத்தாவது வரை ஒரே பெஞ்சில் இருந்தவர்களை ஃபர்ஸ்ட் குரூப், காமர்ஸ் என்று பிரித்துவிடுகிறோம். சிலர் பள்ளியே மாறி வருகிறார்கள். லேபில் "ரெண்டு ரெண்டு பேரா சேருங்க" என்றதும் ஜோடி கிடைக்காதவன் ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டுவான். இப்போது ஜோடிகளை நானே எழுதி ஒட்டிவிடுகிறேன். சாப்பாட்டு மணி அடித்ததும் திறக்காத டிபன் பாக்ஸோடு லைப்ரரிக்கு நடப்பவர்களையும் கவனிக்கிறேன். மாணவர்களுக்கான 14417 என்ற உதவி எண் சுவரில் இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் பல பிள்ளைகளுக்கு வீட்டில் இருப்பது ஒரே போன், அது அம்மா கையில்.

நான் நம்புவது வேறொன்றை. லீவு போட்டுத் திரும்பியவருக்கு நோட்டு யார் கொடுக்கிறார்கள்? கேட்காமலே வருகிறதா, கெஞ்சி வாங்குகிறார்களா, இல்லை, கேட்கவே ஆளில்லாமல் என்னிடம் வந்து நிற்கிறார்களா? அப்படி வருபவரின் பெயருக்கு எதிரே என் டைரியில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்கிறேன்.

இந்த மாதம் மூன்று புள்ளிகள். அதில் ஒன்று கிளாஸ் லீடருக்கு.