கோதுமை மணி சாகிறதா?

யோவான் நற்செய்தி 12ஆம் அதிகாரத்தில், கோதுமை மணி மண்ணில் விழுந்து மடிந்தால்தான் மிகுந்த விளைச்சல் தரும் என்கிறார் இயேசு. தவக்காலப் பூசையில் அதை வாசிக்கும்போதெல்லாம், கல்லூரியில் தாவரவியல் நடத்திய எனக்கு உள்ளுக்குள் ஒரு முணுமுணுப்பு எழும். செத்த விதை எங்கே முளைத்தது? ஆனால் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் பவுலும் விதை மடிய வேண்டும் என்றுதான் சொல்லிவைத்திருக்கிறார்.

முளைக்கிற விதை உயிரோடு இருப்பதை ஆய்வகத்தில் கண்ணாலேயே காட்டிவிடலாம். ஊறிய மக்காச்சோள மணியை (அமைப்பில் அதுவும் கோதுமை மாதிரிதான்) பிளேடால் நெடுக வகிர்ந்து டெட்ரசோலியம் கரைசலில் போட்டு இருட்டில் வைப்போம். நிறமற்ற கரைசல் அது. மூச்சுவிடுகிற திசு பட்டால் சிவக்கும். சில மணி நேரம் கழித்து எடுத்தால் முளைக்கரு மட்டும் செக்கச்செவேலென்று இருக்கும். மேலே குருத்து, கீழே முளைவேர், இரண்டையும் அணைத்தபடி ஸ்குட்டெல்லம் என்கிற ஒற்றை விதையிலை. உளுத்துப்போன விதையில் இந்தச் சிவப்பு வராது. இயேசு நடந்த மண்ணிலேயே, மசாதா கோட்டையில் கிடைத்த ஏறக்குறைய 2000 ஆண்டுப் பழைய பேரீச்சங்கொட்டையை 2005இல் ஊன்றினார்கள். முளைத்தது. அத்தனை காலமும் அதன் கரு உயிரோடுதான் இருந்திருக்கிறது.

ஆனால் அந்த மக்காச்சோளத்தில் சிவக்காத பகுதிதான் பெரிது. வெள்ளையாகவே கிடக்கும் மாவு, அதாவது முளைசூழ்தசை. மணி முற்றும்போதே அதன் செல்கள் செத்துவிடுகின்றன. அதைப் போர்த்தியிருக்கும் அலியூரோன் என்ற மெல்லிய அடுக்கில் மட்டும் உயிர் மிஞ்சும். நீர் உறிஞ்சியதும் கரு ஜிப்ரலின் என்ற ஹார்மோனை அனுப்ப, அலியூரோன் நொதிகளைச் சுரந்து மாவைச் சர்க்கரையாக்குகிறது. (முளைகட்டிய கேழ்வரகு இனிப்பதும் மாவு இப்படிக் கரைவதால்தான்.) சுரந்து முடித்ததும் அந்த அடுக்கும் சாகிறது.

இந்த முளைசூழ்தசை யார்? 1898இல் நவாஷின் என்ற ரஷ்யத் தாவரவியலாளர் லில்லிக் குடும்பச் செடிகளில் கண்டு சொன்னார்: மகரந்தக் குழாயில் வருவது இரண்டு ஆண் கேமீட்டுகள். ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. மற்றது தாயின் வேறு இரண்டு உட்கருக்களோடு சேர்ந்து முளைசூழ்தசையாகிறது. ஆக இது கருவின் உடன்பிறப்பு. அதே தாய், அதே தகப்பன், தாயின் பங்கு மட்டும் இரட்டிப்பு. இதற்குச் சந்ததி கிடையாது. வெளியே இருக்கும் உறையோ முழுக்கத் தாயின் உடம்பு. ஒற்றை மணி என்று நாம் எண்ணுவதற்குள் மூன்று பேர் இருக்கிறார்கள்.

எங்கள் பங்குச் சாமியாரிடம் இதைச் சொன்னேன். "உருவம் போகும், உயிர் நிற்கும், அதுதாம்மா பொருள்" என்றார். எனக்கு ஒப்பவில்லை. பாடுகளுக்குச் சில நாள் முன்பு தம் சாவைப் பற்றிப் பேசியவர் இயேசு. அதை வெறும் உருமாற்றமாக்கினால் சிலுவை லேசாகிவிடும். மணிக்குள் நடப்பதும் நிஜமான சாவுதான். சாவது ஒன்று, பிழைப்பது இன்னொன்று. சாமியாரின் விளக்கத்தைவிட இது நற்செய்திக்குக் கிட்ட இருப்பதாக எனக்குப் படுகிறது.

எல்லா விதையும் இதற்கு ஒத்துவராது. அவரையில் முளைசூழ்தசையை விதை முற்றுமுன்பே கரு தின்று தீர்த்துவிடும். சேமிப்பெல்லாம் அதன் இரு விதையிலைகளில். அவை மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே வந்து, செடி நிலைத்ததும் சுருங்கி உதிரும். அங்கே கொடுப்பதும் வாங்குவதும் ஒரே உடம்பு.

கோதுமைக்குத் திரும்பினாலும் ஒரு தடை இருக்கிறது. அதே அதிகாரத்தில் மூன்று வசனம் தள்ளி, தம் உள்ளம் கலங்குவதாக இயேசு சொல்கிறார். இந்த நேரத்திலிருந்து காப்பாற்றும் என்று தந்தையிடம் கேட்கலாமா என்று ஒரு கணம் யோசிக்கிறார். அலியூரோனுக்கு அந்தக் கலக்கம் கிடையாது. ஜிப்ரலின் வந்தால் சுரக்கும், முடிந்ததும் சாகும், மாட்டேன் என்று சொல்ல அதற்கு வழியில்லை. அதன் சாவைத் தியாகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.