மார்கழிக்கு முன் குழியைப் போர்த்துங்கள்

ஐப்பசி அடைமழை விட்டதும் பனி இறங்கிவிடும். சாண எரிவாயுக் கலன் வைத்திருப்பவர்களே, அதிலும் ஓசூர், ஏற்காடு, நீலகிரிப் பக்கத்தவர்களே, இந்த வாரமே வேலையைத் தொடங்குங்கள். அடுப்பு மங்கிய பிறகு கொத்தனாரைத் தேடி ஓடிப் பயனில்லை.

குழிக்குள் இருப்பவை உயிர்கள். 35 டிகிரி செல்சியஸை ஒட்டி அந்த நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாக இருக்கும். 20-க்குக் கீழே வாயு வெகுவாகக் குறையும். 10-ஐ நெருங்கினால் ஏறக்குறைய நின்றே போகும். பனிக்கு மாட்டின் முதுகில் சாக்கு போர்த்துகிறீர்கள். அதே தொழுவத்து ஓரத்தில் குழியை மட்டும் விறைக்க விடுவது என்ன நியாயம்?

வாயு குறைந்ததும் பலர் சாணத்தைக் கூடுதலாகக் கொட்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்! சாணத்தை அமிலமாக்கும் கூட்டம் குளிரிலும் ஓரளவு வேலை செய்யும். அந்த அமிலத்தை மீத்தேனாக்கும் கூட்டம்தான் முதலில் சுணங்கும். இடையில் அமிலம் தேங்கி, குழி புளித்துவிடும். வெளிவரும் கழிவில் புளித்த நெடி அடித்தால், பர்னரில் தீ பிடித்தும் பிடிக்காமலும் அணைந்தால், சாணம் போடுவதைச் சில நாள் நிறுத்துங்கள். நன்றாக ஓடும் பக்கத்துக் குழியிலிருந்து சில குடம் கரைசல் வாங்கி ஊற்றுங்கள். கேட்பதற்குக் கூச்சம் எதற்கு? கேட்டு வருபவரைத் திருப்பி அனுப்பவும் செய்யாதீர்கள்.

இரவெல்லாம் தொட்டியில் குளிர்ந்து கிடந்த தண்ணீரில் விடியலிலேயே சாணம் கரைப்பதை விடுங்கள். வெயிலில் சூடேறிய தண்ணீரைச் சாணத்துக்குச் சமமாக ஊற்றி, நண்பகலில் கரைத்து விடுங்கள். மிதக்கும் இரும்பு டிரம் என்றால் சூடு அதன் வழியே ஓடிவிடும். கறுப்புப் பெயின்ட் அடித்து, பொழுது சாய்ந்ததும் சாக்கால் மூடி, காலையில் எடுத்துவிடுங்கள். தரைக்குள் கட்டிய தீனபந்து வகைக்கு, மழையில் கரைந்துபோன மண்ணை மேலே நிரப்பி வைக்கோல் பரப்பினால் போதும்.

கலன் கட்டித் தருபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நம் சமவெளிக்குச் சாணம் 30 நாள் தங்கும் கணக்கில் குழி போதும். மலைக்குளிருக்கு 55 நாள் கணக்கு. சமவெளி அளவை மலையில் கட்டிவிட்டுக் காசு வாங்குவது ஏமாற்றுத்தான்.

சித்திரை வெயிலில் வாயு மிஞ்சும்போது குழாயைத் திறந்து காற்றில் விடுகிறவர்களும் உண்டு. நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 28 மடங்கு பூமியைச் சுடவைப்பது மீத்தேன். மிஞ்சினால் மாட்டுக்குத் தீவனம் வேகவையுங்கள். அதற்கும் மேல் மிஞ்சினால், சாணத்தின் அளவைக் குறையுங்கள்.