ஓம் என்ற விடை

சேவைநயப்பு மலர்களைப் பார்க்காதவர் நம்மில் யார்? அட்டையில் பொன்னாடையோடு ஆசிரியர், உள்ளே பக்கம் பக்கமாக வாழ்த்துரைகள். பெயரை மாற்றிவிட்டால் வேறு எந்த ஆசிரியருக்கும் அவை பொருந்தும். இதுதானா நாம் ஆசிரியருக்குச் செய்யும் மரியாதை?

இந்தக் கேள்வியோடு எனக்கு நினைவுக்கு வருபவர் உளவியலாளர் டக்ளஸ் ஜாக்சன் (1929–2004). அமெரிக்காவில் பிறந்தவர். 1964இல் கனடாவுக்கு வந்து, ஒன்ராறியோவின் லண்டன் நகரில், மேற்கு ஒன்ராறியோப் பல்கலைக்கழகத்தில் பல தலைமுறை மாணவர்களை ஆளுமை மதிப்பீட்டுத் துறையில் வளர்த்தெடுத்தார். எதைக் கேட்டாலும் ஆமென்று சொல்லும் பழக்கமும் நல்லவராகத் தோன்றும் விருப்பமும் வினாக்கொத்தின் விடைகளில் கலந்துவிடுகின்றன என்பது அவரது நீண்டகாலக் கவலை. 1958இலேயே சாமுவேல் மெசிக்குடன் சேர்ந்து இதைப்பற்றி எழுதினார்.

எங்களோடு இல்-பிசாரில் இருக்கும் அம்மாவுக்கு ஒருமுறை உடல், மன நலம் பற்றிய படிவம் ஒன்று வந்தது. நான் வாசித்துச் சொன்னேன். ‘மனம் நிம்மதியாக இருக்கிறது’ என்பதற்கு ஓம். ‘அடிக்கடி மனம் சோர்ந்துபோகிறது’ என்பதற்கும் ஓம். எப்படியம்மா இரண்டும் என்று கேட்டேன். “அவை மினக்கெட்டுக் கேட்கினம், பிள்ளை. இல்லையெண்டு சொன்னால் மரியாதையே?” என்றார்.

அந்தப் படிவத்தைப் பார்ப்பவர் அம்மாவைக் குழம்பியவர் என்று எண்ணக்கூடும். ஜாக்சன் முதலில் படிவத்தைத்தான் சந்தேகித்திருப்பார். அவர் உருவாக்கிய ஆளுமைப் படிவத்தில், ஒரு குணத்தை அளக்கும் கூற்றுகளில் பாதிக்கு ‘ஆம்’ என்றால் மதிப்பெண். மறுபாதிக்கு ‘இல்லை’ என்றால் மதிப்பெண். எல்லாவற்றுக்கும் ஓம் சொல்பவர் எந்தப் பக்கமும் சாயமாட்டார். நல்லவராகத் தோன்றும் விருப்பத்தை அளக்க அதில் தனிப் பகுதியும் உண்டு.

மனிதரை அளப்பதே அவமதிப்பு என்பவர்கள் இருக்கிறார்கள். படிவம் இல்லாவிட்டால் நாம் அளக்காமலா இருக்கிறோம்? ‘எந்த ஊர்?’, ‘ஆருடைய பிள்ளை?’ என்ற இரண்டு கேள்விகளில் ஓர் ஆளின் கதையை முடித்துவிடுகிறோம். கடல் தாண்டி வந்தும் அந்தத் தராசைக் கைவிடவில்லை. அது சரியாக நிறுக்கிறதா என்று பார்த்ததுமில்லை. ஆளை ஆராய்ந்து நம்பச் சொல்ல வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரமே வைத்தார். ஆராயும் கருவியையும் ஆராய வேண்டும் என்பது ஜாக்சனிடம் கற்கக்கூடிய பாடம். அதைக் கணக்கியல் நுட்பம் என்பதைவிட அறம் என்றே நான் சொல்வேன்.

அவரது எழுபது வயதைக் கௌரவித்து 2000இல் ஒரு நூல் வெளிவந்தது. மனித மதிப்பீட்டிலுள்ள சிக்கல்களும் தீர்வுகளும் என்பது அதன் தலைப்பின் பொருள். ‘சிக்கல்கள்’ என்பதே முதற்சொல். வாழ்நாள் முழுவதும் பிடித்தமான விடையிலிருந்து உண்மையான விடையைப் பிரித்தெடுக்க முயன்றவருக்கு அது பொருத்தமான மாலை.

நம் மேடைப் புகழுரைகளும் பெரும்பாலும் மரியாதைக்குச் சொல்லும் ஓம்தான். அதில் அன்பு இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் ஆசிரியர் விட்டுப்போன கேள்வி ஒன்றையாவது எடுத்து, அவர் சொன்னது எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று எழுதும் மாணவர் அவருக்கு அதைவிட நெருக்கமானவர். அடுத்த மலருக்கு யாராவது என்னிடம் வாழ்த்துரை கேட்டால், அப்படியொரு கட்டுரையைத்தான் கொடுக்க நினைத்திருக்கிறேன்.