வேட்டையும் ஆயுதமும்: ஏர்கனா, துப்பாக்கியா?

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனான அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் அகிலத்தாருக்கு அருளாக அனுப்பப்பட்ட நம் தலைவர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனத்தில், ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி முஃமின்களுக்கு அல்லாஹ் கட்டளையிடுகிறான். அதே வசனத்தில் வேட்டையைப் பற்றியும் பேசுகிறான். மூன்றாம் வசனத்தில் அடிபட்டுச் செத்தது ஹராம் என்கிறான். நான்காம் வசனத்தில் பயிற்சி கொடுத்த வேட்டைப் பிராணி பிடித்துத் தருவதை ஹலாலாக்குகிறான். பிறகு 94ஆம் வசனத்தில் ஒரு சோதனையைச் சொல்கிறான். இஹ்ராமில் இருந்த ஸஹாபாக்களுக்குக் கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தூரத்தில் வேட்டைப் பிராணிகள் வந்தன. மறைவில் தன்னை அஞ்சுபவர் யார் என்பதை வெளிப்படுத்தவே அந்தச் சோதனை என்கிறான்.

பிராணி எட்டும் தூரத்தில் இருக்கிறது, கையில் ஆயுதம் இருக்கிறது, தடுக்க ஆள் இல்லை. அந்த இடத்தில்தான் தக்வா தெரியும். அன்று ஈட்டியின் நீளம் சில முழம். இன்று நம் கைக்குக் கிடைக்கும் ஆயுதத்தின் எட்டு தூரம் எவ்வளவோ கூடிவிட்டது. ஆயுதம் எட்டும் தூரம் கூடினால் சோதனையும் கூடும்.

வயலும் தோப்பும் வைத்திருக்கும் சகோதரர்கள் சிலர் கேட்கிறார்கள்: "ஹஜ்ரத், பன்றியும் எலியும் வெள்ளாமையை நாசம் செய்கின்றன. ஏர்கன் வாங்கலாமா, லைசென்ஸ் எடுத்துத் துப்பாக்கியே வாங்கிவிடலாமா?" இளைஞர்கள் சிலர் கேட்கிறார்கள்: "ஏர்கனால் அடித்த புறா, கௌதாரி ஹலாலா?" இவை வெறும் கடைக் கேள்விகள் அல்ல. ஓர் உயிரை எடுக்கும் உரிமை எனக்கு எப்போது வருகிறது, வந்தால் அதை எப்படி எடுக்க வேண்டும் என்ற கேள்விகள். மறுமையில் விசாரணைக்கு வரும் கேள்விகள்.

முதல் கேள்வி: கொல்ல உரிமை இருக்கிறதா?

ஒரு சிட்டுக்குருவியையோ அதைவிடப் பெரியதையோ உரிமையின்றிக் கொன்றவனை அல்லாஹ் விசாரிப்பான் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அதன் உரிமை என்ன என்று தோழர்கள் கேட்டபோது, அறுத்து உண்பதே அதன் உரிமை, தலையைத் துண்டித்து வீசி எறிவது அல்ல என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். (நஸாயீ)

தீங்கு செய்யும் பிராணிகளைக் கொல்ல மார்க்கத்தில் அனுமதி உண்டு. காகம், பருந்து, தேள், எலி, வெறிநாய் ஆகிய ஐந்தையும் ஹரமின் எல்லைக்குள்ளும் கொல்லலாம் என்பது புகாரி, முஸ்லிமில் வரும் ஹதீஸ். ஆனால் அந்த அனுமதிக்கும் எல்லை உண்டு. நபிமார்களில் ஒருவரை ஓர் எறும்பு கடித்தது. அவர் எறும்புப் புற்றையே எரித்துவிட்டார். கடித்தது ஓர் எறும்புதானே, அல்லாஹ்வைத் துதிக்கும் ஒரு கூட்டத்தையே அழித்துவிட்டீரே என்று அல்லாஹ் அவரைக் கண்டித்தான். பயிர் காக்கும் விவசாயி மறக்கக்கூடாத பாடம் இது. தீங்கு எதுவோ, எந்த அளவோ, அந்த அளவுக்குத்தான் அனுமதி.

2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டத்தில் விவசாய நிலத்தில் சட்டவிரோதமாகப் போடப்பட்ட மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. மின்சாரத்துக்குப் பன்றி எது, யானை எது, இரவில் வரப்பில் நடந்து வரும் மனிதன் எது என்று தெரியாது. வெடி வைத்த அவுட்டுக்காயும் அப்படித்தான். தீங்கு செய்யாததையும் சேர்த்துக் கொல்லும் எந்த வழியும் அந்த எறும்புப் புற்றின் கதையே.

அடுத்து, நாட்டுச் சட்டம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மயில், கௌதாரி, கொக்கு போன்றவற்றை வேட்டையாடுவது குற்றம். காகம், எலி, பழந்தின்னி வௌவால் போன்றவற்றுக்கு முன்பு தீங்குயிரி என்ற தனிப் பட்டியல் இருந்தது. 2022இல் செய்த திருத்தம் அந்தப் பட்டியலையே நீக்கிவிட்டது. ஆகவே பழைய பழக்கத்தை நம்பித் துப்பாக்கியைத் தூக்காமல் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பயிர் பாதுகாப்புக்காக மருந்து இடித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கிக்கு உரிமம் கேட்க 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் வேறு, உயிரைச் சுடும் அனுமதி வேறு. இந்த நாட்டில் வாழ்வதே ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொன்ன அதே வசனத்தில் வேட்டையும் வருகிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

இரண்டாம் கேள்வி: உயிர் ஒரே அடியில் பிரியுமா?

"ஏர்கன்தானே, விளையாட்டுச் சாமான்" என்று பலர் நினைக்கிறார்கள். விசை குறைவு, சத்தம் குறைவு, ஆகவே பாவமும் குறைவு என்பது அவர்கள் கணக்கு. ஷரீஅத்தின் கணக்கு வேறு.

விரலிடுக்கில் வைத்துச் சிறு கல்லைச் சுண்டி எறிவதற்கு அரபியில் கத்ஃப் என்று பெயர். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். அது வேட்டையையும் வீழ்த்தாது, எதிரியையும் விரட்டாது, பல்லை உடைக்கும், கண்ணைப் பறிக்கும் என்று காரணமும் சொன்னார்கள். இதை அறிவித்த அப்துல்லாஹ் பின் முஃகஃப்பல் (ரலி) அவர்கள், ஹதீஸைச் சொன்ன பிறகும் கல்லெறிந்தவரிடம் இனிப் பேசமாட்டேன் என்று சொல்லும் அளவுக்குக் கண்டிப்பாக இருந்தார்கள்.

அந்தக் காரணத்தைச் சிந்தியுங்கள். கத்ஃபின் குற்றம் அதன் பலத்தில் இல்லை. கொல்லப் போதாத, காயப்படுத்த மட்டும் போதுமான அதன் பலவீனத்தில் இருக்கிறது. ஏர்கனை அது தாங்காத வேலைக்குத் தூக்கினால் இன்றைய கத்ஃப் அதுதான். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, உரிமம் இல்லாமல் வாங்கக்கூடிய ஏர்கனின் குழல் 4.5 மில்லிமீட்டருக்கும், விசை 20 ஜூலுக்கும் மேல் போகக்கூடாது. சாதாரண 0.22 ரைஃபிள் தோட்டாவின் விசையே 100 ஜூலுக்கு மேல். ஏர்கனின் ஈயக்குண்டு தூரம் போகப் போக வேகமாக வலு இழக்கும். பக்கத்தில் இருக்கும் எலிக்கு அது போதலாம். அதன் வலு எட்டாத தூரத்துக் கிளையில் இருக்கும் பறவைக்கு இறக்கை முறியும், குடலில் குண்டு தங்கும். அது பறந்து போய் ஏதோ ஒரு புதரில் இரண்டு நாள் கிடந்து சாகும். சுட்டவனுக்கு இறைச்சியும் இல்லை, அந்தப் பறவைக்கு நிம்மதியும் இல்லை.

காட்டுப்பன்றியை ஏர்கனால் அடிப்பவரும் உண்டு. குண்டு தோலுக்கும் கொழுப்புக்கும் நடுவில் நிற்கும், புண் சீழ் வைக்கும், வலியில் வெறிகொண்ட பன்றி அடுத்த வயலில் வேலை செய்பவர் மீது பாயும். "பன்றிதானே ஹஜ்ரத், ஹராமான பிராணி" என்கிறார்கள். அதன் இறைச்சி நமக்கு ஹராம். அதை வதைப்பது நமக்கு ஹலாலாகிவிடவில்லை.

எல்லாவற்றிலும் அழகிய முறையை அல்லாஹ் விதித்திருக்கிறான், கொன்றாலும் அழகாகக் கொல்லுங்கள், கத்தியைத் தீட்டிக்கொள்ளுங்கள், பிராணிக்கு நிம்மதி கொடுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதை ஷத்தாத் பின் அவ்ஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். (முஸ்லிம்) கொல்ல ஏவப்பட்ட பல்லியின் விஷயத்திலும் முதல் அடியில் கொன்றவருக்கு நூறு நன்மை, இரண்டாம் அடிக்குக் குறைவு, மூன்றாம் அடிக்கு இன்னும் குறைவு. கொல்லத் தகுந்ததையும் தாமதமின்றிக் கொல் என்பதே இதில் உள்ள பாடம். அன்று கத்தியைத் தீட்டச் சொன்னார்கள். இன்று குறி சரிபார்ப்பதும், தன் கைக்கு எத்தனை அடி தூரம்வரை தவறாது என்று தெரிந்துகொள்வதும், அதற்கு அப்பால் விசையைத் தொடாமல் இருப்பதும் தீட்டுவதுதான்.

சுட்டது ஹலாலாகுமா?

அதிய்யு பின் ஹாத்திம் (ரலி) அவர்கள் வேட்டைக்காரர். மிஃராள் என்ற இறகில்லாத கட்டை அம்பைப் பற்றிக் கேட்டார்கள். அதன் கூர்முனை பட்டுத் துளைத்தால் உண்ணலாம், அகலப் பக்கம் பட்டுச் செத்தால் அது அடிபட்டுச் செத்தது, உண்ணக்கூடாது என்று நபி (ஸல்) பதில் சொன்னார்கள். துளைப்பதா, மோதுவதா என்பதே அளவுகோல். களிமண் உருண்டையால் அடித்துச் செத்ததை இப்னு உமர் (ரலி) அடிபட்டுச் செத்ததாகவே கருதினார்கள்.

துப்பாக்கி வந்தபோது ஃபுகஹாக்கள் இந்த அளவுகோலை வைத்தே ஆராய்ந்தார்கள். ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்), ஈயக்குண்டுக்குக் கூர் இல்லை, அது வேகத்தாலும் சூட்டாலும் கொல்கிறது, எனவே அறுக்காமல் செத்தால் கூடாது என்றார்கள். மாலிக்கி மத்ஹபின் தர்தீர் (ரஹ்), யமன் நாட்டு ஷவ்கானி (ரஹ்) போன்றோர் அது உடலைத் துளைத்துச் செல்கிறது, எனவே பிஸ்மில்லாஹ் சொல்லிச் சுட்டது கூடும் என்றார்கள். கூர்முனைத் தோட்டாவைப் பற்றி இன்றைய உலமாக்களிடையே ஆய்வு உண்டு. ஆனால் ஏர்கன் குண்டுகளில் பெரும்பாலானவை தட்டையான அல்லது உருண்டையான முனை கொண்டவை. அவை களிமண் உருண்டைக்கே நெருக்கமானவை. எனவே வேட்டைக்கு அனுமதி உள்ள நாடுகளில் வாழும் நம் சகோதரர்களுக்குப் பேணுதலான வழி இதுதான்: பிஸ்மில்லாஹ் சொல்லிச் சுடுங்கள், கத்தியோடு உடனே ஓடுங்கள், உயிர் இருந்தால் அறுங்கள், அதற்குள் செத்திருந்தால் விட்டுவிடுங்கள்.

இங்கே ஒருவர் கேட்கலாம்: "அப்படியானால் உடனே சாகடிக்காத ஏர்கன்தானே நல்லது? அறுக்க உயிர் மிஞ்சுமே!" அறுப்பதற்கு உயிர் மிஞ்சவேண்டும் என்று வேண்டுமென்றே வலுக்குறைந்த ஆயுதத்தைத் தேடினால், கையில் கிடைப்பதைவிடக் கைநழுவிப் புதரில் சாவதே அதிகமாகும். ஹலாலைத் தேடும் பெயரில் வதை கூடும். இரண்டையும் காப்பாற்ற முடியாத இடத்தில் சுடாமல் இருப்பதே தக்வா. நமக்குக் கோழியும் ஆடும் கிடைக்காத பஞ்சம் ஒன்றும் இல்லை.

மூன்றாம் கேள்வி: குண்டு எங்கே போய் நிற்கும்?

அப்படியென்றால் பலமான துப்பாக்கிதான் தீர்வா? பெரிய பிராணியை வேதனையின்றி வீழ்த்த அதுவே தகுந்தது என்பது உண்மை. ஆனால் குறி தவறிய 0.22 தோட்டா ஒரு கிலோமீட்டருக்கு மேலும் பறக்கும். நம் கிராமங்களில் ஒரு கிலோமீட்டருக்குள் எத்தனை வீடு, எத்தனை களத்துமேடு, ஆடு மேய்க்கும் எத்தனை பேர்! பள்ளிவாசலிலும் சந்தையிலும் அம்போடு நடப்பவர் யாரையும் கீறிவிடாதபடி அதன் முனையைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று நபி (ஸல்) கட்டளையிட்டார்கள். சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டாதே, ஷைத்தான் கையை இழுத்துவிடக்கூடும் என்றும் எச்சரித்தார்கள். விளையாட்டுக்கும் அது கூடாது. ஏர்கனுக்கும் இதே சட்டம்தான். பறவையைக் கொல்லத் தவறும் அந்தக் குண்டு ஒரு பிள்ளையின் கண்ணைப் பறிக்கத் தவறாது. பெருநாளுக்கு ஏர்கன் கேட்கும் மகனிடம் அதைக் கொடுத்து, தோப்புக்குள் தனியே அனுப்பும் தந்தை இதை யோசிக்கட்டும்.

அதனால்தான் பன்றியைச் சுடும் பொறுப்பு தனி ஆளிடம் விடப்படவில்லை. 2025 ஜனவரியில் தமிழக அரசு, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று அறிவித்தது. கேரளாவில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்கள் வழியாக அனுமதி தரப்படுகிறது. மனு கொடுத்து அலைவது சிரமம்தான். பயிர் இழந்தவனின் கண்ணீரும் அல்லாஹ்வுக்குத் தெரியும். ஆனால் அந்தச் சிரமம் பக்கத்து வயல்காரனின் உயிரைவிடப் பெரியதல்ல.

எனவே கேள்வி கேட்ட சகோதரர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். எலிக்குத் துப்பாக்கியே வேண்டாம். டெல்டா விவசாயியின் மூங்கில் கிட்டியும், வயலில் ஆந்தை வந்து உட்கார நட்டுவைக்கும் குச்சியும் போதும். ஆந்தையை அல்லாஹ் அதற்கென்றே படைத்திருக்கிறான். கிட்டி வைத்தவர் காலையில் மறக்காமல் போய்ப் பாருங்கள், உயிரோடு மாட்டியதைத் துடிக்க விடாதீர்கள். பன்றிக்கு வனத்துறை. பறவைக்கு நம் நாட்டில் வேட்டையே இல்லை. குறிபார்க்கும் ஆசை இருந்தால் பலகையும் டப்பாவும் இருக்கின்றன. அம்பெய்யக் கற்பதை ஊக்கப்படுத்திய மார்க்கம் நம்முடையது.

ஆனால் உயிருள்ளதைக் குறிப்பலகை ஆக்காதீர்கள். குரைஷி இளைஞர்கள் சிலர் ஒரு பறவையைக் கட்டிவைத்து அம்பெய்து கொண்டிருந்தார்கள். குறி தவறும் ஒவ்வோர் அம்பும் பறவையின் சொந்தக்காரருக்கு என்று பேசியிருந்தார்கள். சொந்தக்காரர் சம்மதித்தார், அம்புக்குக் கணக்கும் இருந்தது. பறவையிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. இப்னு உமர் (ரலி) அவர்கள் வருவதைக் கண்டதும் அவர்கள் கலைந்து ஓடினார்கள். உயிருள்ளதைக் குறியாக வைப்பவரை நபி (ஸல்) சபித்ததை அவர்கள் அங்கே அறிவித்தார்கள். (புகாரி, முஸ்லிம்)

அந்த இளைஞர்கள் இப்னு உமரைக் கண்டு ஓடினார்கள். தோப்பில் தனியே நிற்கும் நம்மை யாரும் பார்க்க வருவதில்லை. மறைவில் அஞ்சுபவர் யார் என்று அல்லாஹ் பார்ப்பதாகச் சொன்ன இடம் அதுவே.

வாயில்லா ஜீவன்களின் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சி நடப்பவர்களாக, நம் கையாலும் ஆயுதத்தாலும் யாருக்கும் தீங்கு நேராதவர்களாக, ஹலாலான உணவிலும் பாதுகாப்பான விளைச்சலிலும் பரக்கத் பெற்றவர்களாக நம் அனைவரையும் அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.